பி-மதிப்பு சரியாக வந்தும் முதலாளி ஏன் மறுத்தார்?

கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலை) தரப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

அவர் சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறையின் கிரீன் பெல்ட் பயிற்சிக்காக இரண்டு மாற்றங்களைச் சோதித்திருக்கிறார். முதலாவது, சிஎன்சி லேத்தில் ஒரு ஃபிளேஞ்ச் கடையும்போது வேறு கம்பெனி இன்சர்ட் (மாற்றிப் போடக்கூடிய வெட்டும் முனைத் துண்டு) போட்டு, ஃபீடை (வெட்டும் கருவி நகரும் வேகம்) கொஞ்சம் கூட்டியது. மெஷினே பதிவு செய்த நேரத்தை எடுத்து, பழையதில் 3,000 பீஸ், புதியதில் 3,000 பீஸ் ஒப்பிட்டார். சராசரி 92.4 விநாடியிலிருந்து 91.9 விநாடிக்கு இறங்கியது. பி-மதிப்பு 0.001 (இது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்).

இரண்டாவது, பம்ப் கேசிங் வார்ப்பில் புளோ ஹோல் (வாயுவால் விழும் துளை) பிரச்சினை. கோர் ஷாப் ஃபோர்மேன் சொன்ன யோசனைப்படி, கோரை (வார்ப்பின் உள்ளே குழிவு வருவதற்காக வைக்கும் மணல் அச்சு) அடுப்பில் கூடுதலாக 40 நிமிடம் உலர்த்திப் பார்த்தார்கள். முன்பு 480-க்கு 25 ரிஜெக்ட், பிறகு 470-க்கு 14. பி-மதிப்பு 0.083. வழக்கமான எல்லையான 0.05-க்கு மேல் போய்விட்டதால் 'பலன் இல்லை' என்று ரிப்போர்ட் எழுதி, ஃபோர்மேனிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

இன்சர்ட்டை மாற்றச் சொல்லிப் போனபோது, 'எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேண்டாம், மாசத்துக்கு எவ்வளவு மிச்சம், அதைச் சொல்' என்று எம்.டி. திருப்பி அனுப்பிவிட்டாராம். 'சார், 99.9 சதவீதம் உறுதியான ஒரு முடிவை இப்படித் தள்ளலாமா? இங்கே டேட்டாவுக்கு மதிப்பில்லை என்றால் வேறு வேலை பார்ப்பதுதான் வழியா? கோர் விஷயத்தில் 0.05-க்குக் கீழே வரும்வரை டேட்டா சேர்த்துக்கொண்டே போகலாம் என்று நண்பர் சொல்கிறார். பவர் கட் ஆன நாளில் வந்த ரிஜெக்ட்டுகளை எடுத்துவிட்டாலும் வந்துவிடும் என்கிறார். எது சரி?' இதுதான் கேள்வி.

நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கணக்கில் தவறு இல்லை. நீங்கள் அனுப்பிய எண்களை நானும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பி-மதிப்பும் சரியாகத்தான் வருகின்றன. ஆனால் அந்த எண்ணிடம் நீங்கள் கேட்டது ஒன்று, அது சொல்லக்கூடியது வேறொன்று. அதனால்தான் மாதம் 2,000 ரூபாய் செலவு வைக்கக்கூடிய மாற்றத்துக்காக எம்.டி.யோடு மல்லுக்கட்டுகிறீர்கள், 20,000 ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தக்கூடிய மாற்றத்தை நீங்களே குப்பையில் போட்டுவிட்டீர்கள். வேலையை விடுவது பற்றியெல்லாம் பிறகு யோசிக்கலாம். முதலில் இதைச் சரிசெய்வோம், இன்னும் நேரம் இருக்கிறது.

பி-மதிப்பு எதைச் சொல்கிறது?

பி-மதிப்பு 0.001 என்றால் 'முடிவு 99.9 சதவீதம் உறுதி' என்று பொருள் இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள், பயிற்சி வகுப்புகளிலும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இரண்டு இன்சர்ட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலாக இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. வித்தியாசம் பெரிதா சிறிதா, அதனால் காசு வருமா போகுமா என்பதெல்லாம் அதில் கிடையாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒரு தனிக் கொள்கையாகவே வைத்திருக்கிறது: விளைவு எவ்வளவு பெரிது, எவ்வளவு முக்கியம் என்பதைப் பி-மதிப்பு அளப்பதில்லை.

கொஞ்சமாவது உண்மையான வித்தியாசம் இருந்தால், அளக்கும் பீஸ் எண்ணிக்கை கூடக்கூட இந்த எண் இறங்கிக்கொண்டே போகும். அரிசி மூட்டைகளை நகைக்கடைத் தராசில் நிறுத்தால் மூட்டைக்கு மூட்டை எடை வித்தியாசம் நிச்சயம் தெரியும். அதற்காக யாரும் விலையை மாற்றமாட்டார்கள். 3,000 பீஸ் வைத்து ஒப்பிட்டால் அரை விநாடிகூடப் பளிச்சென்று தெரியும். அதே அரை விநாடியை 100 பீஸ் வைத்துப் பார்த்திருந்தால் உங்கள் டெஸ்ட் அதைக் கண்டுபிடித்திருக்கவே வாய்ப்பு குறைவு. மெஷின் மாறவில்லை, இன்சர்ட் மாறவில்லை, எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

அந்த 0.05 எல்லையும் இயற்கை விதி அல்ல. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதிய புத்தகத்தில், இருபதில் ஒன்று என்பதை வசதியான ஒரு எல்லையாக எடுத்துக்கொண்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. இன்சர்ட் சராசரிகளை ஒப்பிட நீங்கள் பயன்படுத்திய டி-டெஸ்ட் அதற்கும் முன்னால் வந்தது. 1908-இல் அதை 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பீருக்கான பார்லியும் ஹாப்ஸும் அவருடைய அன்றாடக் கவலைகள். எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, அந்த முடிவால் வரும் ஆதாயத்தையும் புதிய முறைக்கும் சோதனைக்கும் ஆகும் செலவையும் பொறுத்தது என்பதுதான் அவர் நிலைப்பாடு. ஆக, உங்கள் எம்.டி. கேட்ட கேள்வி டேட்டாவுக்கு எதிரான கேள்வி இல்லை. அந்த டெஸ்ட்டை உருவாக்கியவரே கேட்ட கேள்விதான் அது.

இன்சர்ட்டை ரூபாயில் பார்த்தால்

உங்கள் டேட்டாவில் ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் நேரம் சுமார் 6 விநாடி திட்டவிலக்கத்தோடு (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) மாறுகிறது. அதை வைத்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (டேட்டாவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வரம்பு) போட்டால், மிச்சமாகும் நேரம் பீஸுக்கு 0.2 முதல் 0.8 விநாடி வரை. தினம் 700 பீஸ் ஓடுகிறது என்கிறீர்கள். அரை விநாடி வீதம் 350 விநாடி, அதாவது ஆறு நிமிடம்கூட முழுசாக இல்லை. நாளுக்கு நாலு பீஸ் கூடுதலாக எடுக்கலாம். அதிகபட்சமாக 0.8 விநாடி என்று வைத்தாலும் ஒன்பது நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அந்த நாலு பீஸும் விற்பனைக்குப் போகுமா? கடிதத்தின் நடுவில் நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: டிரில்லிங் மெஷின் முன்னால் எப்போதும் டிரேக்கள் அடுக்கிக் கிடக்கும் என்று. அப்படியானால் லேத் வேகமாக ஓடினால் டிரே இன்னும் உயரும். வண்டியில் ஏறும் சரக்கு ஒன்றுகூடக் கூடாது. கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த வரிதான், பி-மதிப்பு இல்லை.

செலவுப் பக்கம் பாருங்கள். பழைய இன்சர்ட் 220 ரூபாய், புதியது 290. இரண்டிலும் நாலு முனை, முனைக்கு 150 பீஸ் என்றால் ஒரு இன்சர்ட்டில் 600 பீஸ். பீஸுக்கு 12 பைசா போல கூடுதல். 700 பீஸுக்கு நாளுக்குச் சுமார் 82 ரூபாய், 25 வேலை நாளுக்கு 2,000 ரூபாய்க்கு மேல். வரவு இல்லாமல் இந்தச் செலவு ஏன் என்று எம்.டி. கேட்டால் நியாயம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். ஃபீடைக் கூட்டியதால் கட்டிங் நேரம் எவ்வளவு குறையும் என்பது புரோகிராமைப் பார்த்தாலே தெரியும், அதற்கு டெஸ்ட் தேவையே இல்லை. அந்த 6 விநாடி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் பீஸை மாட்டிக் கழற்றும் ஆபரேட்டரின் கையில்தான் இருக்கிறது. மிச்சம் தேட வேண்டிய இடமும் அங்கேதான். அடுத்து, 3,000 பீஸை 3,000 தனித்தனி சாட்சிகளாக எண்ண முடியாது. முனைக்கு 150 பீஸ் என்றால் அவை வெறும் 20 முனைகளில் வந்தவை, நாலைந்து நாளில், அதே ஆட்கள் ஓட்டியவை. ஒன்றோடொன்று சேர்ந்து ஆடும் அளவீடுகளைத் தனித்தனி என்று எடுத்துக்கொண்டால் பி-மதிப்பு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.

சின்ன வித்தியாசம் என்றாலே தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. அந்த லேத்துதான் லைனில் நெரிசலான இடம் என்றால் நாளுக்கு நாலு பீஸ் யோசிக்க வேண்டிய விஷயம். பிரேக் பாகம் போல உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றில் பழுது மிகச் சிறிதளவு குறைந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. உங்கள் ஃபிளேஞ்ச் இன்றைய நிலையில் இந்த இரண்டிலும் சேராது.

நீங்கள் கைவிட்ட கோர் யோசனை

எனக்கு வருத்தம் தந்தது இதுதான். 0.083 வந்ததால் பலன் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. 'இந்த அளவு டேட்டாவை வைத்துத் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை' என்றுதான் சொல்கிறது. ஆதாரம் போதவில்லை என்பது வேறு, பலன் இல்லை என்பது வேறு.

ரிஜெக்‌ஷன் 5.2 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. மாதம் 3,000 கேசிங் ஊற்றுகிறீர்கள். 2.2 சதவீதம் என்றால் மாதம் 66 கேசிங். உருக்கினால் இரும்பு திரும்பக் கிடைக்கும், ஆனால் கரண்ட், மணல், கூலி போனது போனதுதான். அதை அக்கவுன்ட்ஸ் பிரிவு கேசிங்குக்கு 400 ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறது. ஆக, மாதம் 26,400 ரூபாய். அடுப்புக்கு டீசல் கூடுதலாக 5,000 ரூபாய். மிச்சம் 21,400.

இது நடுவில் நிற்கும் மதிப்பு. நம்பிக்கை இடைவெளி போட்டால் ஒரு முனையில் ரிஜெக்‌ஷன் 0.3 சதவீதம் கூடியிருக்கலாம், மறுமுனையில் 4.7 சதவீதம் குறைந்திருக்கலாம். ரூபாயில் சொன்னால், மோசமான பக்கம் மாதம் 8,600 நஷ்டம், நல்ல பக்கம் 51,400 லாபம். டீசல் செலவை ஈடுகட்ட 0.4 சதவீதம் குறைந்தாலே போதும். அந்த இடைவெளியின் பெரும்பகுதி லாபப் பக்கம்தான் இருக்கிறது. இந்த ஒரு வரியை எம்.டி.யிடம் காட்டியிருந்தால் அவர் பி-மதிப்பைக் கேட்டிருக்கவேமாட்டார்.

இன்னொன்று, டேட்டா எடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு. ரிஜெக்‌ஷன் உண்மையிலேயே 5.2-லிருந்து 3-க்கு இறங்குகிறது என்றாலும், முன்பு, பிறகு என்று பக்கத்துக்கு 470, 480 வார்ப்பு வைத்துப் பார்த்தால் 0.05-க்குக் கீழே வர 40 சதவீதம் போலத்தான் வாய்ப்பு. ஃபோர்மேன் சொன்னது முழுக்கச் சரியாக இருந்தாலும் உங்கள் சோதனை அவரைத் தோற்கடிக்கவே அதிக வாய்ப்பு இருந்தது. வழக்கமாகக் கேட்கும் 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் பக்கத்துக்கு 1,270 வார்ப்பு தேவை.

அதைவிடப் பெரிய சந்தேகம்

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த டேட்டாவை அப்படியே நம்பி முடிவெடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. காரணம் 0.083 அல்ல. 'முன்பு' என்று நீங்கள் எடுத்த 480 வார்ப்பு நவம்பரில் ஊற்றியவை. 'பிறகு' என்பது பிப்ரவரி. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, காற்றில் ஈரம். ரேக்கில் அடுக்கி வைத்த கோர் ஈரத்தை இழுக்கும். சூடான இரும்பு பட்டதும் அந்த ஈரம் வாயுவாகிப் புளோ ஹோல் விழும். பிப்ரவரியில் காற்று தானாகவே காய்ந்திருக்கும். குறைந்தது உலர்த்தியதாலா, மழை நின்றதாலா? பி-மதிப்பு 0.00001 என்று வந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இருக்காது. பதில், டேட்டாவை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நண்பர் சொன்ன இரண்டு வழிகள்

0.05-க்குக் கீழே வரும்வரை சேர்த்துக்கொண்டே போவது வேண்டாம். வித்தியாசமே இல்லாத ஒன்றில்கூட, இடையிடையே ஐந்து முறை எட்டிப் பார்த்து, கீழே வந்ததும் நிறுத்தினால், தவறாக 'பலன் உண்டு' என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் வரை ஏறிவிடும். எத்தனை வார்ப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அது முடிந்ததும் ஒரே முறை பாருங்கள்.

பவர் கட் நாளின் ரிஜெக்ட்டுகளைப் பொறுத்தவரை, ஃபர்னஸ் நின்று இரும்பு ஆறிப்போனது உண்மையான காரணம்தான். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுப்பது சரியில்லை. நாளைக்கு அக்கவுன்ட்ஸ் பிரிவு பதிவேட்டைச் சரிபார்த்தால் உங்கள் பெயர் கெடும். அடுத்த சோதனையில் 'மின்தடை ஏற்பட்ட ஹீட்டை (ஒரு தடவை உருக்கி ஊற்றும் இரும்பு) இரண்டு பக்கமும் சேர்க்கமாட்டோம்' என்று தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். ரிஜெக்ட் ஆனதை மட்டும் எடுக்காமல், அந்த ஹீட்டின் நல்ல வார்ப்புகளையும் சேர்த்து விட்டுவிட வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்?

கோர் விஷயத்தில் உங்களுக்கு மூன்று வழிகள். உடனே எல்லாக் கோரையும் உலர்த்தத் தொடங்கலாம். பலன் இல்லாவிட்டாலும் போவது மாதம் 5,000 டீசல், நினைத்தால் நிறுத்திவிடலாம். ஆனால் மழை கேள்வி கேள்வியாகவே நிற்கும். அப்படியே கைவிடலாம். அதில் மாதம் 21,400 ரூபாயை இழக்கும் அபாயம் இருக்கிறது, இழப்பது தெரியவும் தெரியாது. மூன்றாவது, ஒரு மாதம் பாதிக்குப் பாதி ஓட்டிப் பார்ப்பது. நான் மூன்றாவதைச் சொல்வேன்.

நாளுக்கு 120 கேசிங் ஊற்றுகிறீர்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் பாதி பாக்ஸில் (அச்சுப் பெட்டி) கூடுதலாக உலர்த்திய கோர், பாதியில் வழக்கமான கோர். அதே இரும்பு, அதே மணல், அதே நாள், அதே காற்று. 25 நாளில் பக்கத்துக்கு 1,500 கிடைத்துவிடும், தேவை 1,270. லேடிலில் (உருகிய இரும்பை ஊற்றும் கலம்) முதலில் ஊற்றுவது ஒரு வகை, கடைசியில் ஊற்றுவது இன்னொரு வகை என்று ஆகிவிடாமல் வரிசையைத் தினமும் கலைத்துப் போடுங்கள், ஏனென்றால் கடைசி பாக்ஸ்களில் இரும்பு சற்று ஆறியிருக்கும்.

அப்புறம், எது எந்தக் கோர் என்று அடையாளம் வேண்டும். சாக்பீஸும் பெயின்ட்டும் ஷாட் பிளாஸ்டிங்கில் (சிறு குண்டுகளை வீசி வார்ப்பைச் சுத்தம் செய்வது) போய்விடும். வார்ப்பிலேயே பதிகிற மாதிரி, மெஷினிங்கில் அழியாத இடத்தில் ஒரு சின்ன மார்க் வையுங்கள். ரிஜெக்ட்டை ஃபெட்லிங்கில் (வார்ப்பின் பிசிறை நீக்கும் கட்டம்) மட்டும் எண்ணாதீர்கள். பல புளோ ஹோல் தோலுக்கு அடியில் இருந்து, கடைந்த பிறகுதான் வெளியே வரும். பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு எது எந்தக் கோர் என்று தெரியாமல் இருப்பது நல்லது, மார்க்குக்கான பொருள் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

தொடங்கும் முன்பு எம்.டி.யையும் அக்கவுன்ட்ஸ் ஆளையும் பத்து நிமிடம் உட்காரவைத்து, 'எவ்வளவு குறைந்தால் இதை நிரந்தரமாகச் செய்வோம்?' என்று கேளுங்கள். 0.4 சதவீதம் டீசலுக்கே சரியாகப் போகும். அவர் ஒரு சதவீதம் என்று சொல்லலாம். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் நம்பிக்கை இடைவெளியை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள், பூஜ்யத்தோடு மட்டும் அல்ல.

முறை நிலைத்துவிட்டால் வால்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் (தினசரி ரிஜெக்ட்டை எல்லைக் கோடுகளோடு குறித்துக் காட்டுவது) போதும், மாதாமாதம் டெஸ்ட் போட வேண்டியதில்லை. 3 சதவீதத்தில் 120 வார்ப்புக்கு நாளுக்குச் சராசரி மூன்று நாலு ரிஜெக்ட் வரும். ஒரே நாளில் 10 வந்தால் எல்லை தாண்டிவிட்டது, அன்றே போய் அடுப்பையும் கோர் ரேக்கையும் பாருங்கள். அடுத்த நவம்பரில் இந்த வரைபடம் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

கிரீன் பெல்ட் ரிப்போர்ட்டில் 0.05-க்குக் கீழே ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். அப்படிக் கேட்கும் வழிகாட்டியிடம் இதை எழுதிக் காட்டுங்கள்: 'புதிய இன்சர்ட் பீஸுக்கு 0.2 முதல் 0.8 விநாடி மிச்சப்படுத்துகிறது. டிரில்லிங் நெரிசல் தீராதவரை இதனால் வரவு இல்லை, மாதம் சுமார் 2,000 ரூபாய் செலவு கூடும். எனவே இப்போது பரிந்துரைக்கவில்லை.' இது தோல்வி ரிப்போர்ட் இல்லை, ஒரு முழுமையான முடிவு. அரை விநாடியை மிச்சம் என்று காட்டி ரூபாய் எழுதினால்தான் ஆபத்து. லாப நஷ்டக் கணக்கில் அந்தப் பணம் தெரியாது, கேள்வி உங்களிடம்தான் வரும்.

வேலையை விடும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். ரூபாயில் கேட்கும் எம்.டி. உங்களுக்கு நல்ல எம்.டி. எண்களைப் பார்க்கவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, தனக்குப் புரியும் எண்ணைக் கேட்டார். அதே நேரம், நாளை அவர் ஐந்து பீஸைப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு, மாத்திடு' என்றால், அங்கே இடைவெளி எவ்வளவு அகலம் என்று காட்டித் தடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். கோர் ஷாப்புக்குப் போய் ஃபோர்மேனிடம், 'அண்ணா, உங்க யோசனையில பலன் இல்லைன்னு நான் சொன்னது தப்பு, நான் எடுத்த டேட்டா போதல' என்று சொல்லுங்கள். நவம்பர், பிப்ரவரி விஷயத்தையும் அவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் கோர் எத்தனை மணி நேரத்தில் நமுத்துப்போகும், உலர்த்திய பிறகு எவ்வளவு நேரத்துக்குள் ஊற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சோதனைத் திட்டத்தில் அந்த நேர வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்க்கை எங்கே வைப்பது என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.